அர்ச்சுனனின் இடக்காலும் நான்கு வேண்டுதல்களும்

அர்ச்சுனன் நடையிற் சிறந்தவன் என்பது சுங்கை சிப்புட்டைச் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்கள் அனைத்திலும் அறியப்பட்ட செய்தி. அதனை அறியாதவர் எவரேனும் இருப்பின், அர்ச்சுனனே நேரிற் சென்று அறிவித்துவிடுவான். ஆண்டுதோறும் தைப்பூசத்துக்கு முதல் நாள் விடிந்ததும், தோட்டத்து மக்கள் ஐம்பது அறுபது பேர் புறப்பட்டு, பதினெட்டு மைல் நடந்து, பொழுது சாயுமுன் ஈப்போ கல்லுமலை முருகன் கோயிலை அடைவர். மூங்கில் தண்டில் கட்டிய பித்தளை வேலினை ஏந்தி ஒருவர் முன்னே நடப்பார். அவரை முந்திக்கொண்டு எவரும் செல்லலாகாது. அவரும் வழியில் வண்டி ஏறலாகாது. ஏறினால், வேல் அடுத்தவர் கைக்குப் போய்விடும். அதனைக் கோயிலுக்குள் கொண்டு சேர்ப்பவருக்கே மறு ஆண்டும் அவ்வுரிமை உண்டு. ஒன்பது ஆண்டுகள் அந்த உரிமை அர்ச்சுனனிடம் இருந்தது.

பத்தாம் ஆண்டில் கால் முறிந்தது. இரண்டு வாளி ரப்பர்ப் பாலைக் காவடித் தடியில் தொங்கவிட்டுக்கொண்டு, கங்காணியின் கண்முன்னே தன் வேகத்தைக் காட்ட எண்ணி, வாய்க்காலின் மேல் கிடந்த மரத்துண்டில் ஓட்டமும் நடையுமாகச் சென்றவன் வழுக்கி விழுந்தான். தூக்கி எடுத்தபோது ரப்பர்ப் பாலில் தலைமுதல் கால்வரை வெளுத்துச் சுண்ணாம்புப் பொம்மை போல் இருந்தான். இடக்கால் முழங்காலுக்குக் கீழே இரண்டாகியிருந்தது. தோட்டத்தில் எலும்பு கட்டும் பிச்சைமுத்து, முட்டை வெள்ளைக்கருவும் உளுந்தமாவும் குழைத்துப் பூசி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டி, நான்கு மாதம் அசையாதே என்று ஆணையிட்டார். அவ்வாண்டு வேலினை ஏந்திச் சென்றவன் சதாசிவம்; அர்ச்சுனனின் மனைவி காளியம்மாவின் அண்ணன். ஏந்திச் சென்றதோடு அவன் அமையவில்லை. மாலைதோறும் வந்து, படுக்கையருகே அமர்ந்து, அதனை விவரித்தான்.

நோயாளியைக் காணச் செல்வோர் வாழைப்பழமோ ரொட்டியோ கொண்டு செல்வது தோட்டத்து மரபு. கையில் ஒன்றும் இல்லாதவர்கள் வேண்டுதல் ஒன்றைக் கொண்டு சென்றார்கள். நேர்ந்துகொள்பவர் ஒருவர், நிறைவேற்றுபவர் வேறொருவர் என்பதால் இதில் எவருக்கும் இழப்பில்லை. வலியில் கிடந்த அர்ச்சுனன் எல்லாவற்றுக்கும் தலையசைத்து வைத்தான்.

ஓராண்டு கழிந்தது. கால் சேர்ந்தது, ஆயினும் முழங்கால் முன்போல் மடங்கவில்லை. நிரைக்கு நிரை ரப்பர் மரங்களைச் சுற்றி, எவரும் காணாதபோது நடந்து பழகிய அர்ச்சுனன், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தெட்டாம் ஆண்டுத் தைப்பூசம் நெருங்கியதும் வேலினைக் கேட்டான். சதாசிவம் பெருந்தன்மையோடு சிரித்தான்.

“நீயே தூக்கு மச்சான். எனக்கு ஒண்ணும் இல்ல. நான் பின்னாலயே வாரேன். ஆனா நீ எங்க வண்டி ஏறுறியோ, அங்க இருந்து வேலு என்னோடது. அப்புறம் எப்பவும் என்னோடதுதான். சரியா லா?”

“வண்டியா? வண்டி மாடு ரெண்டையும் தோள்ல போட்டுக்கிட்டே ஈப்போ வரைக்கும் நடப்பேன் மச்சான், பாக்குறியா?”

இச்செய்தி பரவிய அன்று மாலையே வேண்டுதல்காரர்கள் வந்து சேர்ந்தனர்.

பக்கத்து வீட்டு வீரம்மா ஒரு செஞ்சேவலைக் கொண்டுவந்து அவன் மடியில் வைத்தாள். “தம்பி, நீ இதைக் கக்கத்துல வச்சு நடந்தே கொண்டாந்து முருகனுக்கு விடுவேன்னு ஒன் பேர்ல நேந்திருக்கேன்.” பால்வெட்டில் அவனுக்கு அடுத்த நிரைக்காரனான சீனி, மைலுக்கு ஒன்றாகப் பதினெட்டுத் தேங்காய் அர்ச்சுனன் கையால் உடைபடும் என்று வாக்குக் கொடுத்திருந்தான். பிச்சைமுத்துவோ, கால் கட்டிய மூங்கில் பத்தைகளைத் தலையில் சுமந்துவந்து காணிக்கையாக்க வேண்டும் என்றார். அவருக்கு அதில் தொழிற்பெருமையும் கலந்திருந்தது.

எல்லாரும் போனபின் காளியம்மா அருகே வந்தாள்.

“நானும் ஒண்ணு நேந்திருக்கேங்க. வூட்டு வாசல்ல இருந்து கல்லுமலை வரைக்கும் நீங்க ஒரு வார்த்தை பேசாம வருவீங்கன்னு.”

“ஏன் புள்ள, மொட்ட போடுவாருன்னு நேந்திருக்கக் கூடாதா?”

“மசுரு மறுபடியும் மொளச்சிரும். சாமிக்குன்னா பெருசா ஒண்ணு குடுக்கணும்ல?”

மறுநாள் விடியலில் ஊர்வலம் புறப்பட்டது. அர்ச்சுனனின் தலையில் மூங்கில் பத்தை, இடக் கக்கத்தில் சேவல், வலக்கையில் வேல், வாயில் மௌனம். பின்னே ஐம்பத்தெட்டுப் பேரும், தேங்காய் மூட்டையும் சோற்றுப் பானையும் ஏற்றிய மாட்டு வண்டியும். வேல் ஏந்தியவரே “வேல் வேல்” என்று குரல் எழுப்ப, மற்றவர் “வெற்றிவேல்” என்பது முறை. அர்ச்சுனனால் இயலாமையால் அக்கடமையைச் சதாசிவம் தானே ஏற்றான். ஏற்றதோடன்றி ஒவ்வொரு முறையும் அர்ச்சுனனின் காதருகே வந்து முழங்கினான். மறு காதில் சேவல் கூவியது.

முதல் மைற்கல்லில் சீனி தேங்காயை நீட்டினான். அர்ச்சுனன் சேவலை வீரம்மாவிடம் கொடுத்து, வேலினை வலக்கையில் நிமிர்த்திப் பிடித்தபடி, மடங்காத காலைப் பக்கவாட்டில் நீட்டிக் குனிந்து, இடக்கையால் உடைத்தான். தேங்காய் உடையாமல் உருண்டு வாய்க்காலில் விழுந்தது. “அது கணக்குல வராது,” என்றான் சீனி. இரண்டாவது உடைந்தது. கந்தான் ஊரை அடைந்தபோது அர்ச்சுனனின் நெற்றி முழுவதும் வேர்வை. செம்மோர்க் கடைத்தெருவைக் கடந்தபோது, முன்பெல்லாம் தன் நடையைப் பற்றிக் கடைக்காரர் ஒவ்வொருவரிடமும் சொல்லிச் செல்பவன், தலையைக்கூடத் திருப்பவில்லை. “என்னா அடக்கம்!” என்று பெண்கள் வியந்தார்கள்.

பத்தாம் தேங்காய் உடைந்தது. அர்ச்சுனன் நிமிர முயன்றான், முழங்கால் இசையவில்லை. மைற்கல்லின் முன்னே குந்தியபடி மனைவியைப் பார்த்தான். முழங்காலைச் சுட்டிக் காட்டினான்.

அதனைக் கண்டவள் காளியம்மா மட்டுமல்லள்.

“ஐயோ முருகா!” என்று வீரம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “தம்பி இங்கேருந்து முட்டி போட்டே வரப் போவுதாம்! யாருக்கும் சொல்லாம நேந்திருக்கு, பாருங்க!”

“அரோகரா!” என்றது கூட்டம். இரண்டு பெண்கள் அவன் முன்னே சாலையில் தண்ணீர் தெளித்தார்கள். சீனி சரளைக் கற்களைப் பொறுக்கி வழி செய்தான். “நான் கட்டுன கட்டு, தாங்கும்,” என்று பிச்சைமுத்து சான்றளித்தார்.

இல்லை என்று உணர்த்த அர்ச்சுனன் தலையை ஆட்டினான். எவரும் விளங்கிக்கொள்ளவில்லை. இன்னும் வேகமாக, இடமும் வலமுமாக ஆட்டினான். தலையிலிருந்த பத்தைகள் சிதறி விழுந்தன.

“சாமி வந்திருச்சு!” என்று கத்தினான் சீனி. உடனே யாரோ அர்ச்சுனனின் நெற்றியில் திருநீற்றை அள்ளிப் பூச, அது கண்ணில் விழ, அவன் மேலும் ஆட, ஐயம் கொண்டிருந்த சிலருக்கும் ஐயம் நீங்கிற்று. “சாமி! என்ன கொறை வச்சோம்? வாயத் தொறந்து சொல்லு சாமி!” என்று வீரம்மா கைகூப்பினாள்.

விறகு பிளக்கச் சொல்லும்போதெல்லாம் அந்தத் தலையாட்டலைப் பதினைந்து ஆண்டுகளாகப் பார்த்துப் பழகிய காளியம்மா ஒருத்திக்குத்தான் அதன் பொருள் தெரிந்திருந்தது. ஆயினும் அவள் வாய் திறக்குமுன் சதாசிவம் குனிந்து, பிறர் கேளாதவாறு மென்மையாகச் சொன்னான்.

“மச்சான், இது சாமி இல்ல, வலி. எனக்குத் தெரியும். வேலைக் குடு. வண்டியில ஏறிப் படுத்துக்க. போதும்.” அவன் கை மூங்கில் தண்டைப் பற்றியது.

“கையை எடுறா!” என்றான் அர்ச்சுனன்.

செம்மோர் வரைக்கும் கேட்டிருக்கும். சேவல்கூடக் கூவுவதை நிறுத்தியது.

“பேசிட்டான்,” என்றான் சீனி கடைசியில். “வேண்டுதல் போச்சு. திரும்ப வூட்டுக்குப் போயி, வாசல்ல இருந்துதான் கெளம்பணும்.”

“இல்லல்ல, பேசுனது சாமி,” என்றாள் வீரம்மா.

“சாமி ‘எடுறா’ன்னா பேசும்?” என்றார் பிச்சைமுத்து.

பத்து மைல் திரும்பி நடப்பதா, வண்டியில் ஏறி வேலினை இழப்பதா என்னும் இரண்டுக்கும் நடுவே அர்ச்சுனன் மண்ணில் அமர்ந்திருந்தான். தண்டை மட்டும் இரு கைகளாலும் பற்றியிருந்தான். காளியம்மா அந்தக் கைகளைப் பார்த்தாள். பிறகு கூட்டத்தின் நடுவே வந்து நின்றாள்.

“நேந்தது யாரு? நானு. இவரைக் கேட்டுக்கிட்டா நேந்தேன்? என் வாயால நேந்தேன், என் வாயே அதைத் தீக்கட்டும். இங்கேருந்து கல்லுமலை வரைக்கும் நான் பேச மாட்டேன். வீரம்மாக்கா, ஒங்க சேவல ஒங்க கக்கத்துல வச்சுக்குங்க. சீனியண்ணே, மிச்ச எட்டையும் நீங்க ஒடைங்க. பிச்சைமுத்து மாமா, அந்த மூங்கிலப் பொறுக்கி ஒங்க தலையில வச்சுக்கிட்டு நடங்க. இவரு வேலை மட்டும் தூக்கட்டும்.”

இவ்வாறு கூறி அவள் வாயை மூடிக்கொண்டாள். இதற்கு மறுமொழி கூற மூவரிடமும் போதிய சொற்கள் இருந்தன. ஆனால் பதில் பேசாதவளோடு எவ்வாறு வழக்காடுவது? வீரம்மா சேவலை அணைத்துக்கொண்டாள். பிச்சைமுத்து குனிந்து பத்தைகளைப் பொறுக்கினார்.

அர்ச்சுனன் மைற்கல்லைப் பற்றி எழுந்தான். காலை நீட்டினான்; ஊன்றினான்; அது அவனைத் தாங்கியது. நடந்தான்.

அந்த எட்டு மைல் போல ஒரு நடையைத் தோட்டத்து மக்கள் அதற்கு முன் நடந்ததில்லை. நாவுக்கு விடுதலை கிடைத்த வேளையில் அர்ச்சுனனின் மூச்சு சிறைப்பட்டுவிட்டது. நூறு அடிக்கு ஒருமுறை நின்றான். வேலினை முந்தலாகாது என்பதால், அவன் நின்றபோதெல்லாம் ஐம்பத்தெட்டுப் பேரும் நின்றார்கள். பின்னால் வந்த தோட்டங்களின் கூட்டங்கள் தத்தம் வேல்களோடு அவர்களைக் கடந்து சென்றன. கைக்குழந்தைகளைச் சுமந்து சென்ற தாய்மாரும் கடந்தனர். வண்டி மாடுகள் நின்ற இடத்திலேயே அசைபோட்டு முடித்தன.

“மச்சான்,” என்றான் சதாசிவம், “ஒரு எறும்பு நம்மளத் தாண்டிப் போவுது, பாத்தியா?”

“போவட்டும்,” என்றான் அர்ச்சுனன், மூச்சு வாங்கியபடி. “அது கையில வேலு இல்ல.”

கோயிலில் விளக்கேற்றும் நேரத்துக்கு அவர்கள் கல்லுமலையின் அடிவாரத்தை அடைந்தனர். அர்ச்சுனன் தன் காலாலேயே உள்ளே சென்றான். பூசாரி கை நீட்டியதும் வேலினைக் கொடுத்தான். கொடுத்த கணத்தில் கால் தளர்ந்து, பாறையில் சாய்ந்து அமர்ந்தான். அவன் முகத்தில் வலியும் மகிழ்ச்சியும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நின்றன.

வேண்டுதல் முடிந்தது. காளியம்மா என்ன சொல்வாளோ என்று வீரம்மாவும் சீனியும் சற்றுத் தள்ளி நின்று அஞ்சினார்கள். அவளோ தன் அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள்.

“அண்ணே, அவரு காலைக் கொஞ்சம் புடிச்சு விடுங்க.”

சதாசிவம் ஒருமுறை வேலினைப் பார்த்தான். ஒருமுறை தங்கையைப் பார்த்தான். பெருமூச்சு விட்டு அமர்ந்து, அர்ச்சுனனின் இடக்காலைத் தூக்கி மடிமேல் வைத்துக்கொண்டான். அர்ச்சுனனுக்கு மெல்ல மூச்சுத் திரும்பியது. மூச்சோடு பேச்சும் திரும்பியது.

“அங்க இல்ல மச்சான், கொஞ்சம் கீழ. ஆங்... அங்கதான். முட்டியத் தொடாத. இன்னிக்கு என் நடை எப்படி இருந்துச்சு? சும்மா சொல்லு.”

“நல்லாத்தான் இருந்துச்சு. அடுத்த வருஷமும் நீதான் முன்னால போவியா?”

“பின்ன?”

“அப்படின்னா,” என்றான் சதாசிவம், கணுக்காலை அழுத்தியபடி, “நாளைக்கே கெளம்பிரு மச்சான். அப்பத்தான் நாங்க நேரத்துக்கு வந்து சேர முடியும்.”