மொறட்டுவையை முதலில் போட்டவள்

மானிப்பாய்த் தேவாலய மண்டபத்தில் ஒரு மேசையில் பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கும் மற்றதில் வரி விடயங்களுக்கும் இலவசமாக உதவினார்கள். உரும்பிராயில் தையற்கடை நடத்தும் பவளராணி வரி மேசையின் வரிசையில் நின்றாள். மூன்று கிழமைக்கு முன் வந்த வரிக் கடிதம் அவள் கையில் கசங்கியிருந்தது. அது வந்த நாளிலிருந்து ஒழுங்கான நித்திரை இல்லை. வரி கட்டக் கடையே போய்விட்டால் தனியொருத்தியாய் மகளை வெளியூரில் வைத்துப் படிப்பிக்க முடியாது. அந்தப் பயத்தில், "கொழும்புப் பக்கத்து மொறட்டுவை வேண்டாம், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தை மட்டும் போடு" என்று மகள் ஆரணியிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். இப்போது விண்ணப்ப மேசையில் இருந்த அவளையே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வரி மேசையிலிருந்த மியூரியல் ரீச்சர் கடிதத்தை வாசித்துவிட்டுச் சிரித்தார்.

"உங்களுக்கு வரி இலக்கம் தந்திருக்கினம், அவ்வளவுதான். உங்கடை வருமானத்துக்கு வரி வராது."

"உண்மையாவோ, ரீச்சர்?"

"ஓம். பயப்படாதேங்கோ."

பவளராணி மகளிடம் ஓடினாள். "பிள்ளை, பொறு! மொறட்டுவையையும் போடு!"

"அனுப்பியாச்சு அம்மா." ஆரணி கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மொறட்டுவையைத்தான் முதல் போட்டனான். ஏசாதேங்கோ."

பவளராணிக்குக் கோபம் முட்டிக்கொண்டு வந்தது. ஏச வாயெடுத்தாள், கேள்விதான் வந்தது.

"அங்கை எங்கையடி தங்கப்போறாய்? ஆர் உன்னைக் கூட்டிக்கொண்டு போறது?"

ஆரணியைப் பதில் சொல்ல விடாமல், பஸ் தரிப்பிடம் வரைக்கும் பவளராணி கேட்டுக்கொண்டே நடந்தாள்.