மூன்றாவது பிள்ளை

புதன்கிழமை காலை பத்தேகாலுக்குக் கடிதம் வந்தது. பிரெஞ்சுத் தலைநகரின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் இருக்கும் சாரதாதேவியின் நகைக்கடைக்கு நல்ல வருமானம். வருமானம் எல்லையைத் தாண்டினால் இரண்டு பிள்ளைகளுக்கு அரசு தரும் கொடுப்பனவு பாதியாகிவிடும். அதைத்தான் அவள் எதிர்பார்த்திருந்தாள். ஆனால் கடிதத்தில் தொகை கூடியிருந்தது.

அக்கம்பக்கத்தாருக்குப் பிரெஞ்சுக் கடிதங்களை வாசித்துச் சொல்லும் பாண்டிச்சேரி லாசர் சிரித்தார்.

"மூணு பிள்ளைன்னு போட்டிருக்கான். மூணு இருந்தா அந்த எல்லையும் ஏறிடும். மூணாவது எப்பம்மா பொறந்துச்சு, சொல்லவே இல்ல?"

கடிதத்தில் பிள்ளைகளின் பெயர்கள் வரிசையாக இருந்தன: மிருணாளினி, சாருஜன். அதற்குக் கீழே குணரத்தினம்.

"அது என்ரை மனுசன்ரை பேர் அண்ணை."

"உங்காளுங்க பிள்ளை பேருக்குப் பின்னால அப்பா பேரைப் போடுவீங்கல்ல. அதைத் தனிப் பிள்ளையா ஏத்திட்டாங்க. வெட்டிட்டு அனுப்பிடு."

அவளும் அப்படித்தான் நினைத்தாள், அந்தப் பெயருக்கு எதிரே இருந்த பிறந்த தேதியைப் பார்க்கும்வரை. போன வருடம் மார்ச் ஒன்பது. அவள் கணவன் குணரத்தினம் மாரடைப்பில் இறந்த நாள்.

லாசர் கடிதத்தை மடிக்காமலே வைத்துவிட்டுப் போனார்.

அவள் பேனாவை எடுத்துப் பெயரின் மேல் வைத்தாள். பள்ளிக்கூடம் இல்லாத நாள் என்பதால் ஆறு வயது மிருணாளினி கடையில் பென்சிலால் படம் கீறிக்கொண்டிருந்தாள். எதைக் கேட்டாலும் பிரெஞ்சில் பதில் சொல்கிற பிள்ளை நிமிர்ந்து, தகப்பனின் தமிழில் கேட்டாள்:

"அப்பாவை வெட்டினால், அவர் இனி என்ரை கட்டிலிலை படுக்கமாட்டாரோ அம்மா?"