லாரிப் பட்டை

சுப்பராயலுவுக்கு வலது தோள் கழன்று விழுவதுபோல் வலித்தது. விடிகாலையில் ஆஸ்பத்திரியிலிருந்து மச்சான் அரிகிருஷ்ணனின் உடம்பைத் தூக்கி வந்த தோள். வயிற்றில் ஒரு வாய்த் தேத்தண்ணிகூட இல்லை. பாடைக்கு இரண்டு பச்சை மூங்கில் வாசலில் கிடந்தன. பிளக்க அரிவாள் இல்லை. பெருங்களத்தூர்ச் சுடுகாட்டுப் பாதையை வேலிகாத்தான் முள் அடைத்துக்கொண்டதால், தெருவில் இருந்த அரிவாள் அத்தனையும் அங்கே போயிருந்தன. பிளாட்டு பிளாட்டாக முள் வெட்டியே பிழைத்த அரிகிருஷ்ணன் உள்ளே படுத்திருந்தான்.

சுப்பராயலு மடியிலிருந்து மடக்குக் கத்தியை எடுத்து விரித்தான். லேத் பட்டறையில், இரும்பறுக்கும் மெஷினின் பழைய ரம்பப் பிளேடில் அவனே அரைத்துச் செய்தது.

எண்பத்தொன்பதில், எந்த இரும்பில் கத்தி செய்வது என்றுதான் மச்சானும் அவனும் ஒரு வாரம் சண்டை போட்டார்கள்.

"ரம்பப் பிளேடு மச்சான். ஒருவாட்டி தீட்டுனா ஆறு மாசம் மயிரு சிரைக்கலாம்."

"காட்டுல நான் இன்னா சவரமா பண்றேன்? அது கண்ணாடி மாதிரி. பட்டுனு ஒடிஞ்சு பூடும். லாரி ஸ்பிரிங்குப் பட்டை மழுங்கும், துரு புடிக்கும். ஆனா ஒடியாது. மழுங்குனா கல்லுல நாலு இழுப்பு, தீந்துச்சு."

"துரு புடிச்ச ஆளுக்குத் துரு புடிச்ச கத்தி!"

"உன்னுது ஒடிஞ்சா இன்னா தருவ?"

"மீசைய எடுத்துத் தரேன், போய்யா!"

அவரவர் சொன்ன இரும்பில் ஆளுக்கொரு கத்தி செய்துகொண்டார்கள். அதற்கப்புறம் மூன்று வருஷமாக, பார்க்கும்போதெல்லாம் அரிகிருஷ்ணன் மீசையைத்தான் விசாரிப்பான்.

"நல்லா கீதா மச்சான்?"

மூங்கிலின் வாயில் அலகை வைத்து, முதுகில் கட்டையால் ஓங்கி அடித்தான் சுப்பராயலு. இரண்டாவது அடியில் 'டிக்' என்றது. பாதி அலகு மூங்கிலுக்குள். பாதி கையில்.

பறை காய்ச்சிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பிணத்தின் தலைமாட்டிலிருந்து அவன் தங்கை கனகவல்லி எழுந்து வந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து, புருஷனின் கத்தியை அண்ணன் கையில் வைத்தாள்.

"இந்தா. இத அடிச்சுப் பாரு."

கறுத்த அலகு. முனையில் துரு. சுப்பராயலு அடித்தான். தோள் வலிக்க வலிக்க அடித்தான். மூங்கில் இரண்டாயிற்று, நாலாயிற்று. ஒடிந்த துண்டு மண்ணில் விழுந்தது. அவன் நிறுத்தவில்லை. இரண்டாவது மூங்கிலும் பிளந்தது. கயிறு அறுத்தான், கீற்று சீவினான். அலகில் ஒரு சொட்டை இல்லை. மடக்கு ஆணி ஆடவில்லை. பறைக்காரன் ஒருத்தன் விரலை மடித்து விசிலடித்தான். பறை எல்லாம் ஒன்றாக எழுந்தது.

"ஜெயிச்சிட்டுத்தாண்ணா பூட்டாரு," என்றாள் கனகவல்லி. சிரித்தேவிட்டாள். பிறகுதான் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சுடுகாட்டில் அரிகிருஷ்ணனின் அரைஞாண் கயிற்றையும் அதே கத்திதான் அறுத்தது. ஒரே இழுப்பு.

பங்காளிகளுக்கு மழித்து முடித்த நாவிதர் முன்னால் சுப்பராயலு போய் உட்கார்ந்தான்.

"மீசை மட்டும் எடுண்ணா."

"நீ பொண்ணு குடுத்த வூட்டுக்காரன். இங்க மழிக்கக் கூடாது, எழுந்துரு."

"பந்தயம்ணா. தோத்துட்டேன்."

"யாராண்ட?"

சுப்பராயலு சிதையைக் காட்டினான்.

நாவிதர் சவரக் கத்தியைக் கழுவி மடக்கினார். "காரியம் முடியட்டும்."

சுப்பராயலு பக்கத்துக் கல்லில் லாரிப் பட்டையை நாலு இழுப்பு இழுத்தான். மடக்கி மடியில் செருகிக்கொண்டான்.

அரிகிருஷ்ணனுக்கு ஒரு மீசை பாக்கி.