இடக்கை மட்டை

அண்ணன் இறந்து நான்கு மணி நேரம் ஆகியிருந்தது. அவனுடைய மகள் விளையாட்டுச் சாமான் கடையில் ஷூவைக் கழற்றிவிட்டு, சுவரில் வரைந்திருந்த அளவுகோலில் முதுகை ஒட்டி நின்றாள்.

"குதிகாலத் தூக்காத தங்கம்," என்றாள் கடைக்காரப் பெண்.

"தூக்கல. நான் இவ்ளோதான்," என்றாள் சுண்டு. வீட்டில் எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். "ஆறு வயசுக்கு இது போதும்னு அப்பா சொன்னாங்க."

கூட வந்திருந்த அத்தை, இறந்தவனின் தங்கை, கைப்பேசியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ராத்திரி நெஞ்சுவலி என்று அண்ணன் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியபோது பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தாள். விடியும்போது ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணி பேசினாள். "மத்தியானம்தான் கொண்டுவர விடுவாங்களாம். அதுவரைக்கும் அவள எங்கயாவது கூட்டிட்டுப் போ. நான் வந்து சொல்லிக்கிறேன். நீ வாயத் திறந்துடாத."

வாயைத் திறக்காமல் இருப்பது அவளுக்குப் பிறவிப் பழக்கம். ஊமைக்கோட்டான் என்று முதலில் பேர் வைத்தவனே அண்ணன்தான். ஆனால் எங்கே போவது என்று அவள் யோசிப்பதற்குள் சுண்டு ஷூ மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். இன்றைக்குக் கோல்ஃப் மட்டை வாங்கித் தருவதாக அப்பா சொல்லியிருந்தார். "அப்பாவுக்கு வேலையா? சரி, நீ வா," என்று அவளே முடிவு செய்துகொண்டாள்.

அண்ணன் கோல்ஃப் மைதானத்தில் புல் வெட்டுபவன். யாரோ கழித்துப்போட்ட பழைய மட்டையைக் கொண்டுவந்து, இரும்புத் தண்டைப் பாதியாக அறுத்து, பிடியில் சைக்கிள் டியூபைச் சுற்றிக் கொடுத்திருந்தான். அதன் தலை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தட்டை; எந்தப் பக்கத்தாலும் அடிக்கலாம். சுண்டு அதையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள்.

கடைக்காரப் பெண் அதை வாங்கி எடை பார்த்தாள். "அம்மாடி, உலக்கை. நீளத்தத்தான் குறைச்சிருக்காங்க, கனம் அப்படியே இருக்கு."

"அப்பா செஞ்சது."

"பிடி நல்லாத்தான் சுத்தியிருக்காங்க. ஆனா உனக்கு இறகு மாதிரி வேணும்ல?" அத்தையின் பக்கம் திரும்பினாள். "வளர்ற பிள்ளைன்னு பெருசா எடுத்துடாதீங்க. அடுத்த வருஷத்துக்கும் சேர்த்துத் தைக்க இது கவுனு இல்ல. இன்னைக்கு உயரத்துக்குத்தான் எடுக்கணும்."

அலமாரியிலிருந்து சின்ன வலக்கை மட்டை ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். அடித்துப் பார்க்க விரித்திருந்த பாய்மேல் ஒரு பந்து இருந்தது; சுண்டு அங்கே நின்று வீசினாள். மட்டையின் பின்பக்கம்தான் பந்தில் பட்டது.

"இடக்கையா?"

"இல்லீங்க. எழுதுறது, சாப்பிடுறது எல்லாம் வலதுதான்," என்றாள் அத்தை. "அவங்க அப்பாவும்..."

"அப்பா இப்படி நிப்பாங்க," என்று சுண்டு நின்று காட்டினாள். "நான் எதிர்ல நிப்பேன். அப்பா கை எந்தப் பக்கம் போகுதோ என் கையும் அந்தப் பக்கம் போகும்."

கடைக்காரப் பெண் சிரித்துவிட்டாள். "கண்ணாடி பாத்த மாதிரி பழகியிருக்கா. பக்கத்துல நின்னுல்ல காட்டணும்?"

"பக்கத்துல நின்னா என் மூஞ்சி தெரியாதாம்."

அத்தை பந்துக் கூடையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கடைக்காரப் பெண் இடக்கை மட்டை ஒன்றும் வலக்கை மட்டை ஒன்றும் மேசைமேல் வைத்தாள். "சின்ன வயசு, மாத்திடலாம். ரெண்டு வாரம் அப்பா பக்கத்துல நின்னு காட்டினாப் போதும், வலதுக்கு வந்துடுவா. இப்ப இடது எடுத்தா அதுவே பழகிடும். அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்களேன்."

"இடதே குடுங்க."

"நாளைக்கு அவர் வந்து, ஏன் கேக்கலன்னு சத்தம் போட்டா?"

"இடதே இருக்கட்டுங்க."

சுண்டு இடக்கை மட்டையை எடுத்தாள். ஒருமுறை வீசினாள். பந்து நேராகப் போய் எதிரே தொங்கிய திரையில் மோதி விழுந்தது. ஆனால் அவளுக்குச் சமாதானம் ஆகவில்லை.

"அப்பாகிட்ட கேளு அத்த. வேலையில இருந்தாலும் எனக்குன்னா எடுப்பாங்க."

"அப்புறம் கேக்கலாம்."

"இப்பக் கேளு. வேணும்னா பக்கத்துலயே நிக்கட்டும். மூஞ்சி தெரியலன்னாப் பரவால்ல, நான் திரும்பித் திரும்பிப் பாத்துக்கிறேன்னு சொல்லு."

கடைக்காரப் பெண் ரசீதுப் புத்தகத்தைத் திறந்தபடி காத்திருந்தாள். அத்தை கைப்பேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். பாயில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். மட்டையைப் பிடித்திருந்த சின்ன விரல்களின்மேல் தன் கையை வைத்தாள். விரல்கள் வேர்த்திருந்தன.

"சுண்டு, அப்பா எடுக்க மாட்டாங்க. விடியக்காலையில அப்பா செத்துப்போயிட்டாங்க."