வடக்குத் திட்டு

மச்சினன் துறைமுகக் கம்பெனியின் மஞ்சள் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்ற நாளிலிருந்தே படகுக்காரருக்கு அவன்மேல் ஒரு கண். அந்தக் கம்பெனிதான் புதுத் துறைமுகம் கட்டுகிறேன் என்று கடலடி மணலை உறிஞ்சி, கரையோரப் பாறைத் திட்டுகளையெல்லாம் சேற்றில் மூடியது. கிட்டத்தில் மீன் கிடையாது. மிச்சமிருந்ததும் தூரத்துத் திட்டுகளுக்கு ஓடிவிட்டது. அந்தத் தண்ணீரையோ இரண்டு நாடுகள் எனக்கு உனக்கு என்று இழுத்துக்கொண்டிருந்தன. மந்திரிகள் கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொள்வார்கள். மறுநாளே பக்கத்து நாட்டு ரோந்துக் கப்பல் வந்து ஏதாவது ஒரு படகை இழுத்துக்கொண்டு போகும்.

சமீபத்தில் பிடிபட்டதெல்லாம் இந்தக் கரைப் படகுகளே. யாரோ போட்டுக்கொடுக்கிறார்கள் என்று எல்லோரும் முணுமுணுத்தார்கள். அந்த யாரோ யாரென்பதில் படகுக்காரருக்குச் சந்தேகமே இல்லை. மச்சினனுக்கு வேலை கம்பெனியின் வயர்லெஸ் அறையில். காலில் புதுச் செருப்பு வேறு. போதாதா?

"என் தம்பி அப்படிப்பட்டவன் இல்லீங்க," என்றாள் மனைவி.

"நீ சும்மா இரு. வாயில விரல வெச்சாக் கடிக்கத் தெரியாதவன் மாதிரி நடிக்கிறான்."

அன்று சாயங்காலமே பொறி வைத்தார்.

"மாப்ளே, நாளைக்கு விடிஞ்சதும் தனியா வடக்குத் திட்டுக்குப் போறேன். உன்கிட்ட மட்டுந்தான் சொல்றேன். வெளிய மூச்சு விடாதே."

"அங்க வேணாம் மச்சான். எங்க ரூம்ல காதுல விழுறது எதுவும் நல்லதா இல்ல."

என்ன கரிசனம் பாருங்கள்! படகுக்காரர் மனதுக்குள் சிரித்துக்கொண்டார்.

விடிந்ததும் தெற்கே போனார். தகராறுள்ள தண்ணீரை நெருங்கியதும், இந்தக் கரைக்காரர்கள் எல்லோரும் செய்வதுபோல வயர்லெஸ்ஸை அணைத்தார். பேச்சுச் சத்தத்தை வைத்தே ரோந்துக்காரன் இடத்தைப் பிடித்துவிடுவான் என்று பயம். வெயில் ஏறியபோது ரோந்துக் கப்பல் தெரிந்தது. அவர் பக்கம் திரும்பவே இல்லை. வடக்கே விறுவிறுவென்று போனது.

"மாட்னான்டா!" என்று தொடையைத் தட்டினார். சொந்த மச்சினனே துரோகி என்றால் மனசு வலிக்கவேண்டும். அவருக்கோ, வெட்கத்தை விட்டுச் சொன்னால், சந்தோஷமாக இருந்தது. வலையைப் பாதியில் சுருட்டினார். நாலு பேர் முன்னால் அவன் மானத்தை வாங்கவேண்டும் என்ற அவசரத்தில் கரைக்கு வந்து சேர்ந்தார்.

மனைவி ஓடிவந்து அவர் கையைப் பிடித்தாள். அப்புறம் படகுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"அவன் எங்கங்க?"

"எவன்?"

"தம்பிதாங்க. ரோந்து வடக்க வருதுன்னு காலையில ரூம்ல கேட்டிருக்கான். வயர்லெஸ்ல உங்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தான், பதிலே இல்ல. வேலையப் போட்டுட்டு, இரவல் படகு எடுத்துக்கிட்டு உங்களக் கூட்டிட்டு வரப் போனான். நீங்க வடக்கதானே இருந்தீங்க?"



"தெக்க இருந்தேன்," என்றார். "அவன் போட்டுக்கொடுக்கிறானான்னு பார்க்கத்தான்... வடக்குன்னு சொன்னேன்."

அவள் அவர் கையை விட்டுவிட்டாள்.