இருபத்தெட்டாம் நாள் டப்பாக்கள்

சின்னவளுக்கு மூத்திரத்தோடுதான் பிழைப்பு. ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத ஆய்வகத்தில், பதினோரு வருஷமாக அவள் பார்க்காத நிறமில்லை, முகராத வாடையில்லை. "நீ ஆளைப் பார்த்து எதுவும் சொல்ல மாட்டே, டப்பாவைப் பார்த்தா ஜாதகமே சொல்லுவே" என்று அக்கா கேலி செய்வாள்.

அந்த வருஷம் மூன்றாம் மாடியில் ஒரு மருந்துச் சோதனை தொடங்கியது. சிறுநீர்ப்பையில் அடிக்கடி கிருமி தொற்றி அவதிப்படும் பெண்களுக்குப் புதிதாக ஒரு மாத்திரை. பாதிப் பேருக்குப் புதியது, மீதிப் பேருக்கு வழக்கமாகக் கொடுக்கிற பழையது. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. முதல் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று மூன்று முறை வந்து சிறுநீர் கொடுக்க வேண்டும். டப்பாவின் மேல் பெயர் இருக்காது, எண் மட்டும்தான்.

அதில் அக்காவைச் சேர்த்துவிட்டதே சின்னவள்தான். பெரியவள் சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைக்கிறவள். ஷிஃப்டுக்கு இரண்டு முறைதான் எழுந்து போகலாம். மூன்றாவது முறை எழுந்தால் சூப்பர்வைசர் வாயைத் திறக்க மாட்டார், கடிகாரத்தைப் பார்ப்பார். அதற்குப் பயந்து அவள் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டாள். வருஷத்துக்கு நாலு தடவையாவது எரிச்சல், அடிவயிற்றில் வலி, பல்லைக் கடித்துக்கொண்டு வேலை. "பெரிய டாக்டரம்மாவே நேரா பாக்கறாங்க அக்கா. சும்மா போய்க் கேட்டுட்டு வா" என்று தங்கைதான் தள்ளிவிட்டாள்.

முதல் நாள் மூன்றாம் மாடிப் பெஞ்சில் பெரியவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது ஒரு ரொட்டிக்கடைக்காரம்மா. அறுபது வயது, கை நிறைய அடுப்புச் சூட்டுத் தழும்பு, வாய் நிறையப் பேச்சு. கூப்பிடுவதற்குள் இரண்டு பேரும் போன் நம்பரே மாற்றிக்கொண்டார்கள். அவருக்கு நாற்பத்தாறாம் எண், பெரியவளுக்கு நாற்பத்தேழு. ஆய்வகத்தில் இருப்பவளுக்கு அந்த எண்கள் தெரியவே கூடாது. ஆனால் பெரியவள் அன்று வெளியே வந்ததும் அட்டையைத் தங்கை மூக்குக்கு முன்னால் ஆட்டினாள். "பாருடி, லாட்டரிச் சீட்டு. அந்த ரொட்டிக்கடைக்காரம்மாவுக்கு நாப்பத்தாறு, எனக்கு நாப்பத்தேழு."

சோதனைக்கு ஆட்களைச் சேர்ப்பது, தேதி சொல்லிக் கூப்பிடுவது, டப்பாக்களைக் கீழே கொண்டுவருவது எல்லாம் ஒரே ஆள். எந்த வெயிலிலும் கழுத்துப் பட்டனைக் கழற்றாதவர் என்பதால் ஆய்வகத்தில் அவருக்குப் பெயர் பட்டன். சிரித்த முகம். கையில் எந்நேரமும் தண்ணீர் பாட்டில்.

பட்டன் கொண்டுவரும் இருபத்தெட்டாம் நாள் டப்பாக்கள் கொஞ்ச நாளாகவே சின்னவளை உறுத்திக்கொண்டிருந்தன. எல்லாமே சுத்தம். கிருமி வளர்க்கும் தட்டில் பூசி வைத்தால் மறுநாள் ஒரு புள்ளிகூட முளைக்காது. மருந்து அவ்வளவு நல்லது என்றால் சந்தோஷம்தான். ஆனால் சோதனை ஸ்ட்ரிப்பை முக்கினால் சர்க்கரைக்கான கட்டம் ஒவ்வொரு தடவையும் பச்சையிலிருந்து பழுப்புக்குப் போனது. முதல் நாள் சர்க்கரையே காட்டாத பெண்களுக்கு இருபத்தெட்டாம் நாளில் எப்படி வந்தது? சோதனைப் படிவத்தில் சர்க்கரைக்கென்று கட்டமே இல்லை. அதனால் அதை யாரும் கேட்கவுமில்லை. பழக்க தோஷத்தில் அவள் மட்டும் தன் நோட்டில் குறித்து வைத்தாள். பதினோரு எண்கள் ஆகிவிட்டன.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன் பட்டன் ட்ரேயில் நாலு டப்பா வைத்துவிட்டுப் போனார். அதில் நாற்பத்தாறும் இருந்தது, நாற்பத்தேழும் இருந்தது. 'இவ்வளவு தூரம் வந்தவள் கீழே எட்டிப் பார்க்காமல் போய்விட்டாளே' என்று சின்னவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஸ்ட்ரிப்பை முக்கினாள். நாலிலும் அதே பழுப்பு.

தொழிற்சாலையில் சாப்பாட்டு மணி அடிக்கும் நேரம் பார்த்து போன் செய்தாள்.

"ஏன்க்கா, இங்க வந்துட்டு என்னைப் பாக்காம போயிட்டே?"

"நான் எங்கடி வந்தேன்? லீவு கேட்டேன், தரல. காலைல ஏழு மணிலேர்ந்து மெஷின்லதான் உக்காந்திருக்கேன்."

சின்னவள் எதிரே இருந்த நாற்பத்தேழாம் டப்பாவைப் பார்த்தாள். மூடியின் உள்பக்கம் இன்னும் ஆவி படிந்திருந்தது.

"அப்போ ரொட்டிக்கடைக்காரம்மா மட்டும் வந்தாங்களா?"

பெரியவளின் குரல் இறங்கி வந்தது. "உனக்குத் தெரியாதா? அந்தம்மா போய்ச் சேந்து அஞ்சு நாளாச்சுடி. குளிர் காய்ச்சல்னு படுத்தாங்களாம், எழுந்திருக்கவே இல்ல. அவங்க பொண்ணு அழுதுகிட்டே போன் பண்ணிச்சு. எனக்கே கை கால் உதறல்ல உன்கிட்ட சொல்லத் தோணல."

சின்னவள் நாற்பத்தாறாம் டப்பாவை விரலால் தொட்டாள். இளஞ்சூடாக இருந்தது. அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக ஒரு டப்பாவைத் தொட்ட கையை அவள் போனைத் தோளில் இடுக்கியபடியே மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினாள்.

"கை கால் உதறலா? உனக்கு என்ன பண்ணுது?"

"நாலு நாளா முதுகுல ஒரு பக்கம் குத்துது. சாயங்காலமானா குளிருது. அந்தச் சிரிச்ச முகத்துக்காரருக்கு போன் பண்ணிச் சொன்னேன். மாத்திரை உள்ள வேலை செய்யுதுன்னு அர்த்தம், பயப்படாதீங்கன்னார். ரொட்டிக்கடைக்காரம்மாகிட்டயும் அதையேதான் சொன்னாராம்."

"இப்பவே வாசல் கேட்டுக்கு வா. நான் வரேன்."

"ஷிஃப்ட் முடியலடி..."

"மெஷின் கிடக்கட்டும். நீ வா!"

கிளம்புவதற்கு முன் அவள் ஒரு காரியம் செய்தாள். நாற்பத்தாறிலும் நாற்பத்தேழிலும் இருந்து பாதியைச் சிறு குப்பிகளில் ஊற்றி, எண் எழுதி, ஐஸ் பெட்டியில் வைத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். விதிப்படி அது தப்பு. மீதியை ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தாள்.

தொழிற்சாலை வாசலில் பெரியவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நெற்றியில் கை வைத்தால் சுட்டது. தான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கு அவளை அழைத்துப்போகச் சின்னவளுக்கு மனம் வரவில்லை. இரண்டு பஸ் மாறி ஊரின் மறுகோடியில் இருந்த வேறொரு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கே இருந்த டாக்டர் முதுகில் ஒரு தட்டுத் தட்டியதும் பெரியவள் அலறினாள்.

"கிருமி கிட்னிக்கு ஏறியாச்சு. ஏம்மா, இத்தனை நாள் என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்று கேட்டபடியே டாக்டர் நரம்பில் ஊசி ஏற்றச் சொன்னார்.

பெரியவள் அங்கே கொடுத்த சிறுநீர் கலங்கல் தண்ணீர்போல இருந்தது. மறுநாள் தட்டு முழுக்கக் கிருமி, ஊசிமுனை வைக்க இடமில்லை. சர்க்கரை மட்டும் துளிக்கூட இல்லை. அந்த ஆய்வகத்தில் சின்னவளோடு படித்த தோழி ஒருத்தி இருந்தாள். ஐஸ் பெட்டியை அவளிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொண்டு சின்னவள் வேலைக்குத் திரும்பினாள்.

மதியம் பட்டன் ரிசல்ட் வாங்க இறங்கி வந்தார். அவள் படிவத்தை நீட்டவில்லை.

"சார், உங்களுக்குத் தாகம் அதிகமா எடுக்குதா?"

"ஆமா மேடம். எவ்வளவு குடிச்சாலும் பத்தல." பாட்டிலைக் காட்டிச் சிரித்தார்.

"அடிக்கடி பாத்ரூம் போறீங்களா? உடம்பு இளைக்குதா?"

"ரெண்டு மாசமா அப்படித்தான். ஏன் கேக்கறீங்க?"

"உங்களுக்குச் சர்க்கரை இருக்கு. பதினோரு பொம்பளைங்க டப்பாவுல பாத்துட்டேன். நேத்தோட பதினஞ்சு."

சிரிப்பு முகத்திலேயே இருந்தது, ஆனால் அதற்குப் பின்னால் ஆள் இல்லை. மெல்ல ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"யாருமே வர மாட்டேங்கறாங்க மேடம்" என்றார் கடைசியில். "முதல் நாள் வராங்க, ஏழாம் நாள் வராங்க, எரிச்சல் நின்னா மறந்துடறாங்க. லீவு இல்லைங்கறாங்க. ஒரு ஆள் குறைஞ்சாலும் மருந்துக் கம்பெனிலேர்ந்து பத்து மெயில் வருது. இந்த இடத்தையே மூடிருவோம்ங்கறாங்க."

"வராதவங்க சரி. காய்ச்சல்னு போன் பண்ணினவங்க?"

அவர் ஸ்டூலிலிருந்து எழப் பார்த்தார்.

"ரொட்டிக்கடைக்காரம்மா செத்துட்டாங்க. செத்து அஞ்சு நாள் கழிச்சு அவங்க டப்பாவை நீங்க என் கையில கொடுத்தீங்க."

"எனக்குத் தெரியாது" என்றார். "சத்தியமா எனக்குத் தெரியாது."

சின்னவள் அங்கிருந்து நேராக, சோதனையை நடத்தும் பெரிய டாக்டரம்மாவின் அறைக்குப் போனாள். அந்தம்மா அதட்டிப் பேசி யாரும் கேட்டதில்லை. அன்றும் அதட்டவில்லை. நோட்டைக் கடைசிப் பக்கம் வரை புரட்டிப் பார்த்தார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உங்க அக்கா இதுல இருக்காங்கன்னு நீங்க முன்னாடியே சொல்லலையே."

"தப்புதான் மேடம்."

"எண் தெரிஞ்சுகிட்டதும் தப்பு." நோட்டை மூடி அவள் பக்கமே தள்ளினார். "நாளைக்குப் பேசலாம். அதுவரைக்கும் யார்கிட்டயும் வாயைத் திறக்காதீங்க. வீணா எல்லாரும் பயந்துடுவாங்க."

ரொட்டிக்கடைக்காரம்மாவைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. படியிறங்கும்போதுதான் அது சின்னவளுக்கு உறைத்தது.

மறுநாள் காலை ஆய்வகத்தைத் திறந்தபோது கிருமிநாசினி வாடை மூக்கில் ஏறியது. ஃப்ரிட்ஜ் பளபளவென்று இருந்தது. கீழ்த்தட்டு காலி. கிருமி வளர்த்து வைத்த தட்டுகளும் இல்லை. தரை துடைக்கிற பெண்மணியைக் கேட்டாள்.

"டாக்டரம்மா நேத்து நின்னு சொன்னாங்க. பழசெல்லாம் நாறுதாம், எல்லாத்தையும் எரிக்கற பையில போடச் சொன்னாங்க. ஏன், தப்புப் பண்ணிட்டேனா?"

"நீங்க ஒண்ணும் பண்ணல" என்றாள் சின்னவள்.

அன்றைக்கே அவள் நோட்டின் நகலையும், தோழியின் கையெழுத்துக் காகிதத்தையும், பெரியவளின் ரிப்போர்ட்டையும் ஒரு உறையில் போட்டு, மருந்துச் சோதனைகளை மேற்பார்வை பார்க்கும் குழுவின் அலுவலகத்துக்கு நேரில் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஆஸ்பத்திரிக்குத் திரும்பும்போது மூன்றாம் மாடியிலிருந்து யாரோ ஜன்னல் வழியாக அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யார் என்று தெரியவில்லை. திரை மூடிக்கொண்டது.

அதிலிருந்து பத்தாம் நாள் குழுவிலிருந்து நாலு பேர் வந்து மூன்றாம் மாடி அலமாரிகளுக்கு சீல் வைத்தார்கள். ஐஸ் பெட்டியில் போன இரண்டு குப்பியிலும் இருந்தது ஒரே ஆணுடைய சிறுநீர் என்று வேறொரு ஆய்வகம் எழுதிக் கொடுத்தது. யாருக்கு எந்த மாத்திரை என்ற ரகசியக் குறியீட்டைத் திறந்து பார்த்தபோது ரொட்டிக்கடைக்காரம்மாவும் பெரியவளும் சாப்பிட்டது புதிய மாத்திரையைத்தான் என்று தெரிந்தது. டாக்டரம்மா நீண்ட விடுப்பில் போனார். பெரியவள் பிழைத்துக்கொண்டாள். ஒரு கிட்னி முன்போல இல்லை என்றார்கள். தொழிற்சாலை அவள் இடத்துக்கு வேறு ஆளை வைத்துவிட்டது. ரொட்டிக்கடைக்குப் போய் அந்தம்மாவின் மகளைப் பார்த்து நடந்ததைச் சொன்னது அவள்தான். தங்கையை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அங்கே என்ன பேசினார்கள் என்று இன்றுவரை சொன்னதில்லை.

இரண்டு மாதம் கழித்துப் பட்டன் ஆய்வக வாசலில் வந்து நின்றார். பாதி ஆளாகியிருந்தார்.

"சர்க்கரை முந்நூறுக்கு மேல இருந்துச்சு மேடம். நீங்க சொல்லலைன்னா தெரிஞ்சே இருக்காது."

அவள் ஸ்டூலை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"விசாரணையில ஒரு கேள்வி மட்டும் யாரும் கேக்கல" என்றார் அவர். "இதை எனக்கு யார் சொல்லிக்கொடுத்தாங்கன்னு. ட்ரெயினிங் கொடுக்க கம்பெனிலேர்ந்து ஒருத்தர் வந்தார். ஆள் வரலைன்னாலும் டப்பா வரணும், எப்படின்னு நீங்களே பாத்துக்கங்கன்னார். அவர் இன்னும் ஆறு ஊர்ல இதே மாத்திரையைத்தான் பாத்துக்கறார்."

"இதை அப்படியே எழுதிக் கொடுங்க."

காகிதத்தையும் பேனாவையும் எடுத்து மேஜைமேல் வைத்தாள். அவர் பேனாவைத் தொடவில்லை. "பிள்ளைகுட்டிக்காரன் மேடம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவர் சொன்னதைத் தேதியும் நேரமும் போட்டு அவளே எழுதிக் குழுவுக்குக் கொடுத்தாள். பெற்றுக்கொண்டோம் என்று ஒரு வரி வந்தது. பிறகு ஒன்றுமில்லை. இப்போது ஒவ்வொரு திங்கட்கிழமையும் வேலைக்கு முன்னால் அந்த அலுவலகத்துக்குப் போகிறாள். ஜன்னலுக்குப் பின்னால் இருக்கும் கிளார்க்குக்கு அவள் முகம் பழகிவிட்டது. அவள் வாயைத் திறப்பதற்குள், "இன்னும் ஒண்ணும் வரலம்மா" என்கிறார். அவள் பெஞ்சில் உட்கார்ந்து, அடுத்த மனுவை எழுதத் தொடங்குகிறாள்.