கருமண் கீழே, செம்மண் மேலே

அந்தக் குழாயை இன்னும் ஏன் கழுவாமல் வைத்திருக்கிறாய் என்றுதானே கேட்டீர்கள்? சொல்கிறேன். அந்தக் குழாயால்தான் முட்டத்து மீன்காரர் ததேயுஸ் இன்றைக்கு உயிரோடு இருக்கிறார். முழுசாக இல்லை, ஆனால் உயிரோடு. என் இடது கையில் இரண்டு விரல் இல்லாமல் போனதும் அதே நாளில்தான். ஆனால் முதலில் புட்டிலிருந்து தொடங்க வேண்டும். இல்லையென்றால் பின்னால் எதுவும் பிடிபடாது.

மூங்கில் குழலில் மாவும் தேங்காயும் மாற்றி மாற்றிப் போட்டு அவித்து, பின்னாலிருந்து கம்பால் தள்ளினால் அடுக்கு கலையாமல் வருகிறதல்லவா? என் இரும்புக் குழாயும் அதே வேலையைத்தான் செய்கிறது. நிலத்தில் நிறுத்தி, சுத்தியலால் அடித்து இறக்கி, திருகி இழுத்து, கம்பால் தள்ளினால் போதும். இரண்டு முழ ஆழத்துக்கு மண் எந்த வரிசையில் கிடக்கிறதோ அதே வரிசையில் வெளியே வந்து படுத்துக்கொள்ளும். விவசாய இலாகாவுக்கு ஊர் ஊராக மண் எடுத்துப் புட்டியில் அடைத்து அனுப்புவது என் வேலை. எனக்கு இருபத்திரண்டு வயது. இதைவிட நல்ல வேலை உலகத்தில் இருக்கிறது என்று நான் நம்பவில்லை, இன்றைக்கும்.

1935 ஆனி மாதம், இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை கொஞ்சம் ஓய்ந்த நேரம். கல்லடிவிளைக்குப் போயிருந்தேன். அங்கே நிலமெல்லாம் மேட்டுத் தோட்டம், விளை என்பார்கள். போன முதல் நாளே, வியாழக்கிழமை, சுந்தரராஜைப் பார்த்தேன். நாற்பது வயது. தன் விளையில் தென்னங்குழி எடுத்துக்கொண்டிருந்தார். எடுத்தது கூலிக்காரர்கள்தான். இவர் கரையில் நின்றார். பொன்னுலிங்கம் என்ற கூலிக்காரர் கவனமில்லாமல் ஒரு மம்பட்டி மண்ணை இடம் மாற்றிக் கொட்டிவிட்டார். சுந்தரராஜ் இறங்கிப் போய்ப் பளாரென்று அறைந்தார். பொன்னுலிங்கத்தின் உதடு கிழிந்து ரத்தம் தாடையில் வழிந்தது.

"எலே, கருமண்ணு கெழக்க, செம்மண்ணு மேக்க. எத்தன மட்டம் சொல்லியாச்சு? தென்னைக்க வேரு எங்க இருக்கும், மேலயா கீழயா?"

"கீழ அண்ணாச்சி."

"அப்ப சோறு எங்க போடணும்?"

"கீழ."

"பின்ன ஒனக்க தலையில போட்டு வச்சிருக்கியா?"

நான் கூலிக்காரருக்காக வருத்தப்பட்டிருக்க வேண்டும். வெட்கத்தோடு சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஏனென்றால் அந்த மனிதர் சொன்னது அத்தனையும் சரி. மேலே நான்கு விரல் கனத்துக்குக் கருமண். இலையும் வேரும் அழுகி, புழு தின்று கழித்து, ஒரு விரல் கனம் சேரவே பல தலைமுறை ஆகும். செடிக்கு வேண்டிய சோறு முழுக்க அதில்தான். அதற்குக் கீழே தவிட்டு நிறம். அதற்கும் கீழே செம்மண். மழை மேலிருந்து கழுவி இறக்கிய களியும் இரும்புக் கறையும் அங்கே போய்த் தங்கிச் சரல் கல்லோடு இறுகிக் கிடக்கும். தென்னைக்குக் குழி எடுக்கும்போது கருமண்ணைக் கிழக்கிலும் செம்மண்ணை மேற்கிலும் தனித்தனியாகக் குவித்து வைத்து, கருமண்ணையே முதலில் குழிக்குள் தள்ளுவார்கள். செம்மண் கடைசியில். கருமண் போடுவதற்கு முன்னால், கரையான் அண்டாமல் இருக்க ஒரு கை உப்பும் சாம்பலும். சுந்தரராஜ் தன் கையாலேயே தூவினார், குழந்தைக்குத் திருநாளுக்குப் பவுடர் போடுவது மாதிரி.

"சாரே, நீரு மண்ணப் படிச்சவரு. நான் தின்னு பாத்தவன்" என்றார் என்னிடம். உண்மையில் ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்தும் காட்டினார். நான் நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தேன்.

அவருடைய தம்பி செல்வதாஸ் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சிரித்தான். "அண்ணன் இந்த மண்ணக் கட்டிப்புடிச்சிட்டு கெடக்கட்டும். எனக்க பாதியப் பிரிச்சுத் தந்தா ஓட்டுச் சூளைக்கு வெட்டிக் குடுத்துருவேன். மண்ணுக்கு மண்ணும் போச்சு, தலவலியும் போச்சு."

சுந்தரராஜ் கையில் இருந்த உப்பைத் தட்டிவிட்டார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலையில் செல்வதாஸ் சந்தை வழியில் ததேயுஸோடு சண்டை போட்டான். மீன் அழுகல் என்று கூடையைக் காலால் தள்ளியிருக்கிறான். ததேயுஸ் எல்லோரும் கேட்க, "ஒன்னக் கொன்னுபோடுவேம்லே" என்று கத்தியிருக்கிறார். அன்று சாயங்காலத்திலிருந்து செல்வதாஸைக் காணவில்லை. சனிக்கிழமை அவன் தோளில் போடும் தோர்த்து முண்டு முட்டம் போகும் வழியில் கைதை என்னும் தாழம்புதரில் கிடைத்தது, ரத்தத்தோடு. கொண்டுவந்தது சுந்தரராஜ்.

திங்கட்கிழமை காலையில் நான் விளையில் மண் எடுக்கப் போனேன். ஊரே தேடப் போயிருந்தது. தடுக்க ஆளில்லை, பேச்சுத்துணைக்கும் ஆளில்லை. நான்கு இடத்தில் அடித்தேன். ஒவ்வொன்றுக்கும் இருபது அடிக்குக் குறையாமல் சுத்தியல் வேண்டியிருந்தது. ஐந்தாவது, வடக்கு மூலையில், சருகு மூடிய இடத்தில். நாலே அடி. குழாய் வெண்ணெயில் இறங்குவது போல இறங்கிவிட்டது. தள்ளிப் பார்த்தால் வரிசை தலைகீழ். மேலே சரலோடு செம்மண், கீழே கருமண், அதற்குள் பச்சை மாறாத புல். சே, தப்பான முனையிலிருந்து தள்ளிவிட்டோம் என்று என்னையே திட்டிக்கொண்டேன். அங்கேயே இன்னொரு தடவை இறக்கி எடுத்து, அதைத் தள்ளாமல் குழாயோடு தோளில் வைத்துக்கொண்டு திரும்பினேன்.

சுந்தரராஜ் வீட்டு முற்றத்தில் கூட்டம். ததேயுஸைப் பிடித்துவிட்டிருந்தார்கள். வழக்கம்போலச் சாளை மீன் விற்கத்தான் வந்திருக்கிறார். அயனி மரத்தில் பின்கையாகக் கட்டி, பனங்கருக்கு மட்டையால் சுந்தரராஜ் அடித்துக்கொண்டிருந்தார். கருக்கு, ரம்பம் மாதிரி. ஒவ்வொரு அடிக்கும் தோல் இழையிழையாகக் கழன்று வந்தது. கூடை கவிழ்ந்து, மீனெல்லாம் கால்களுக்குள் நசுங்கிக் கிடந்தது.

"எங்கலே போட்ட எனக்க தம்பிய?"

"நான் தொடல்ல அண்ணாச்சி. கொன்னவன் மூணாம் நாளு சாளையும் தூக்கிட்டு ஒங்க முத்தத்துல வந்து நிப்பானா?"

"கொன்னுபோடுவேன்னு சொன்னியா இல்லியா?" என்றான் கூட்டத்தில் ஒருவன்.

"சொன்னேன். மீன ஒதைச்சா பின்ன முத்தமா குடுப்பேன்?"

யாரோ சிரித்தார்கள். சுந்தரராஜ் மட்டையைத் திருப்பிப் பிடித்து அடிப்பாகத்தால் வாயில் அடித்தார். தாடை முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது, காய்ந்த கமுகம்பாளையை மிதித்தது போல. பற்கள் மீனோடு மீனாக விழுந்தன. அடுத்த அடி கண்ணில்.

"குளச்சல்ல இருந்து போலீசு வர அந்தியாவும்" என்றார் சுந்தரராஜ். "கல்லக் கட்டி பாறக்குழித் தண்ணில எறக்குவோம். மூச்சு முட்டுனா சொல்லுவான்." இரண்டு பேர் கயிறு எடுக்கப் போனார்கள். அம்மிக்கல்லை ஒருவன் உருட்டி வந்தான்.

செல்வதாஸின் மனைவி நேசபாய் வாசற்படியில் அழாமல் உட்கார்ந்திருந்தாள். நான் அந்த மட்டை பிடித்த கையைப் பார்த்தேன். உப்புத் தூவிய கை. கருமண் கிழக்கே, செம்மண் மேற்கே. அப்போதுதான் தோளில் இருந்த குழாய் கனத்தது. நான் தப்பான முனையிலிருந்து தள்ளவில்லை. மழையும் காற்றும் மண்ணை அரிக்கும், மூடும். அடுக்கைச் சுத்தமாகக் கவிழ்த்து வைக்காது. அதற்கு மம்பட்டி வேண்டும். அவசரத்தில் ஒருவன் குழி மூடினால் எல்லாம் கலந்து கிடக்கும். இது கலக்கவில்லை.

"அண்ணாச்சி" என்றேன். "வடக்கு மூலையில தென்னை வச்சியளா?"

"இல்ல. அந்தால போம்."

"அப்ப அங்க கருமண்ணு எப்பிடி கீழ போச்சு?"

முற்றத்தின் நடுவில், மீன்களுக்கு மேலே, குழாயைச் சாய்த்துக் கம்பால் கொஞ்சம் தள்ளினேன். செம்மண் விழுந்தது. "இது மேல இருந்தது." இன்னும் தள்ளினேன். கருமண், வெளிறாத புல். "இது ஒண்ணர முழத்துக்கும் கீழ. புல்லு இன்னும் வாடல்ல. மூணு நாளுதான் ஆயிருக்கும். பொன்னுலிங்கம், நீயா அங்க குழி வெட்டுன?"

"இல்ல சாரே" என்றார் பொன்னுலிங்கம், தடித்த உதட்டோடு. அவர் கண் மெல்லச் சுந்தரராஜ் பக்கம் திரும்பியது. "கருமண்ண அப்பிடி சுத்தமா கீழ போட அண்ணாச்சிக்குத்தான் தெரியும்."

சுந்தரராஜ் மட்டையைக் கீழே போட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்திருந்த மம்பட்டியை எடுத்து என் தலைக்கு வீசினார். குழாயை உயர்த்தினேன். மம்பட்டித் தகடு இரும்பில் மோதிச் சறுக்கி, என் இடது கைச் சுண்டுவிரலையும் மோதிரவிரலையும் எடுத்துக்கொண்டு போனது. வலிக்கவே இல்லை. என் விரல்கள் சாளைக்கு நடுவில் கிடப்பதைப் பார்த்து, இவை இங்கே என்ன செய்கின்றன என்றுதான் தோன்றியது. அவர் மறுபடி ஓங்குவதற்குள் பொன்னுலிங்கம் பின்னாலிருந்து கட்டிப்பிடித்து வீழ்த்தினார்.

நேசபாய் எழுந்து வந்து அந்த மம்பட்டியை எடுத்தாள். என் ரத்தத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். வடக்கு மூலைக்கு நடந்தாள். யாரையும் தொடவிடாமல் அவளே வெட்டினாள். முதலில் செம்மண். பிறகு கருமண். இடுப்பாழத்தில் ஒரு முழங்கால் தெரிந்தது. மண்டை இரண்டாகப் பிளந்திருந்தது, ஒரே வெட்டில். தூக்கி எடுத்தபோது முதுகெல்லாம் வெள்ளையாக ஒட்டியிருந்தது. உப்பும் சாம்பலும்.

பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் கனவில் வருகிறது. அதே கூட்டம், அதே மட்டை, அதே கயிறு. ததேயுஸை அவிழ்த்துவிட்டு, சுந்தரராஜை அதே அயனியில் கட்டினார்கள். ததேயுஸின் ரத்தம் பட்டை மேல் காயவேயில்லை. அம்மிக்கல்லால் முழங்காலை உடைத்தார்கள். நான் "விடுங்க, விடுங்க" என்று என் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு கத்தினேன். யாருக்கும் கேட்கவில்லை.

நிறுத்தியது ததேயுஸ். ஒரு கண் மூடி, தாடை தொங்க, தவழ்ந்து வந்து மரத்தோடு சாய்ந்து நடுவில் உட்கார்ந்துகொண்டார். வார்த்தை குழறித்தான் வந்தது. "ஒங்களுக்கு யாரையாம் அடிக்கணும். ஆளு யாரானா என்ன. இன்னும் அடிக்கணும்னா பழைய ஆளு இருக்கேன், அடிங்க." மட்டை வைத்திருந்தவன் அதைப் போட்டுவிட்டு மீன்களைப் பொறுக்க ஆரம்பித்தான். என்னத்துக்கு என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

அந்தியில் போலீஸ் வந்தது. சுந்தரராஜை வில்வண்டியில் தூக்கிப் போட்டார்கள். நான் பக்கத்தில் போய் நின்றேன். எனக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டியிருந்தது. ஏன் உப்பு, என்று கேட்டேன். அவர் விளையின் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"அந்தக் குழிய மூடும்போ கருமண்ண மேல போடச் சொல்லும் சாரே. இனி கீழ ஆருமில்லியே."

வழக்கை நடத்தும் வக்கீல் சொல்கிறார், அது கைப்பழக்கம், வேறொன்றுமில்லை, ஆயிரம் குழி மூடிய கை ஆயிரத்தொன்றையும் அப்படித்தான் மூடும் என்று. கருமண் வரைக்கும் நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உப்பு விளையில் கிடையாது. தம்பியை வெட்டிக் குழியோரம் போட்டுவிட்டு, வீடு வரைக்கும் நடந்து, அடுக்களைக்குள் போய், உப்பும் சாம்பலும் அள்ளிக்கொண்டு திரும்ப நடந்து வர வேண்டும். கால்களுக்குமா அந்தப் பழக்கம்? யாராவது தோண்டினால் தென்னங்குழி என்று நினைக்கட்டும் என்று செய்தாரென்றால், தென்னங்கன்றை நட்டிருக்கலாமே, கன்று கட்டாகப் பக்கத்திலேயே கிடந்தது. இல்லை, இந்த மண்ணைச் சூளைக்கு விற்பேன் என்ற தம்பிக்கு, இதில் உள்ளதிலேயே நல்லதைக் கொடுத்துக் கரையான் தொடாமல் படுக்க வைத்தாரா? குழாயில் மீதி மண் அப்படியே இருக்கிறது, வந்தால் காட்டுகிறேன். சொல்லுங்கள், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?